திரட்டிக் காலமும் கூட்டமைப்புக் காலமும்: மையமற்ற சமூக ஊடகங்களின் வளர்ச்சி வரலாறு

சமூக ஊடகம் என்று இன்று வழங்கப்படுவது பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் ஆளுகைக்கு உட்பட்ட தளமே. எழுதுபவரின் கணக்கு, அவர் எழுதியவை, அவரைப் பின்தொடர்வோரின் பட்டியல் ஆகிய மூன்றும் அந்நிறுவனத்தின் கணினிகளிலேயே இருப்பதால், அது கணக்கை முடக்கினால் மூன்றும் ஒருசேரக் கைவிட்டுப் போகின்றன. வெவ்வேறு நபர்களும் குழுக்களும் நடத்தும் பல வழங்கிகள், அதாவது பயனர்களின் தரவைத் தாங்கி நிற்கும் கணினிகள், பொதுவான ஒரு நெறிமுறையைப் பின்பற்றித் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடே இதற்கு மாற்றான மையமற்ற சமூக ஊடகம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையிலுள்ள கீழ்பென்னாத்தூரில் பி.எஸ்.என்.எல். எண் வைத்திருப்பவர் சென்னையிலுள்ள ஏர்டெல் எண்ணோடு தடையின்றிப் பேசுகிறார்; 2011 ஜனவரி 20 அன்று நாடெங்கும் நடைமுறைக்கு வந்த வசதியால், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளவும் அவரால் முடிகிறது. தொலைபேசியில் கிடைத்துவிட்ட அந்த உரிமையை எழுத்துக்கும் உரையாடலுக்கும் கேட்பவையே இத்தளங்கள்.

இத்தகைய ஏற்பாடு தமிழ் இணையத்துக்குப் புதிதன்று. ஒருங்குறி எழுத்துரு பரவத் தொடங்கிய 2003ஆம் ஆண்டையொட்டித் தமிழில் வலைப்பதிவுகள் பெருகின. ஒவ்வொருவரும் தமக்கென ஓர் இடத்தில் எழுத, 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் அவற்றின் செய்தியோடைகளை, அதாவது புதிய இடுகைகளைத் தானாகவே தெரிவிக்கும் பட்டியல்களைச் சேகரித்து ஒரே பக்கத்தில் காட்டியது. திரட்டி எனப்பட்ட இந்த ஏற்பாட்டில் எழுத்து எழுதியவரிடமே இருந்தது. வாசகர் கூடும் இடம் மட்டும் பொதுவாக இருந்தது. வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவராக முன்னிறுத்துவதும், அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகளைத் தனிப்பத்தியில் காட்டுவதும் தமிழ்மணத்தின் வழக்கங்களாக இருந்தன. தம் இடுகை அப்பத்தியில் மேலேறுவதற்காகச் சிலர் தாமே மறுமொழி இட்டுக்கொள்ள, அதைக் கண்டிக்கப் பதிவர்களிடையே "பின்னூட்டக் கயமை" என்றொரு சொல்லே புழக்கத்துக்கு வந்தது. அந்தப் பத்தி எத்தனை பேரின் கண்ணில் பட்டது, அதில் இடம்பெறுவது எவ்வளவு விரும்பப்பட்டது என்பதற்கு அச்சொல்லே சான்று. பின்னர் ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் எழுதும் இடத்தையும் கூடும் இடத்தையும் ஒன்றாக்கித் தந்தபோது பதிவர்கள் அங்கே பெயர்ந்தனர். செய்தியோடைகளைப் படிக்கப் பலரும் பயன்படுத்திய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டதும் பழைய பழக்கம் மேலும் தளர்ந்தது.

உலக அளவில், நியூயார்க் பல்கலைக்கழக மாணவர் நால்வர் 2010இல் பொதுமக்களிடம் 10,000 டாலர் கேட்டு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் பெற்று உருவாக்கிய டயாஸ்பொரா, ஃபேஸ்புக்குக்கு மாற்று என்ற பெரும் எதிர்பார்ப்போடு வந்தும் சிறு வட்டத்துக்குள் நின்றுவிட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த ஒய்கன் ரோக்கோ 2016 அக்டோபரில் வெளியிட்ட மாஸ்டடானே இவ்வகையில் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. அது பின்பற்றும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை 2018 ஜனவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு தன் பரிந்துரையாக ஏற்றது.

இந்தியாவில் மாஸ்டடானின் பெயர் பரவக் காரணமானது ஒரு புகைப்படம். 1936இல் ஹாம்பர்க் கப்பல் தளத்தில் எல்லோரும் நாஜி வணக்கம் செலுத்த, ஒருவர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் படத்தைத் தம் பக்கத்தில் வைத்திருந்த உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை 2019 அக்டோபர் இறுதியில் ட்விட்டர் முடக்கியது. நாஜிகளை எதிர்த்து நின்றவரின் படமே வெறுப்புப் படமாகக் கருதப்பட்டதைக் கண்டவர்களின் சினமும், ட்விட்டர் சாதிப் பாகுபாடு காட்டுகிறது என அப்போதே எழுந்திருந்த குற்றச்சாட்டும் சேர்ந்து, நவம்பரில் இந்தியர் பலரை மாஸ்டடானுக்கு இட்டுச்சென்றன. வந்தவர்களில் பெரும்பாலோர் ரோக்கோவே நடத்திய ஒரே வழங்கியில் குவிந்தனர். எந்த வழங்கியில் சேர்வது என்ற முதல் கேள்வியே பலருக்குத் தடையாயிற்று. அன்றைய மாஸ்டடானில் பொதுப் பதிவுகளைச் சொல் கொண்டு தேட இயலாது, குறிச்சொல் கொண்டே தேட இயலும். தேடிப்பிடித்துத் தாக்குவோரைத் தடுக்கும் நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட இவ்வமைப்பு, புதிதாக வந்த ஒருவர் தம் மொழிக்காரரைக் கண்டடையும் வழியையும் அடைத்துவிட்டது. பலர் சில வாரங்களில் திரும்பிப் போனதற்கு இதுவே முதன்மைக் காரணமாகத் தோன்றுகிறது.

2022 அக்டோபர் 27 அன்று ட்விட்டர் ஈலான் மஸ்க் வசமானபோது இதே நிகழ்வு பன்மடங்காக நடந்தது. மாஸ்டடானை மாதந்தோறும் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்ந்து, பின்னர் 10 லட்சத்துக்கும் கீழே இறங்கினர். மையமின்மையை இலக்காகக் கொண்ட மற்றொரு தளமான புளூஸ்கை 2024 பிப்ரவரியில் அழைப்பின்றியே எவரும் சேரலாம் என்று திறந்துவிட்டது. எக்ஸ் எனப் பெயர் மாறியிருந்த ட்விட்டர் பிரேசிலில் தடைசெய்யப்பட்டதையொட்டிச் செப்டம்பரில் 1 கோடி, அமெரிக்கத் தேர்தலுக்குப் பின் நவம்பரில் 2 கோடி, 2025 ஜனவரியில் 3 கோடி என அதன் கணக்குகள் பெருகின. புளூஸ்கையின் எண் பதிவுசெய்த கணக்குகளைக் குறிப்பது, மாஸ்டடானின் எண் மாதப் பயன்பாட்டைக் குறிப்பது என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் வைப்பது பிழையாகும். எனினும் வாசலில் இருந்த வேறுபாடு தெளிவானது: புளூஸ்கை வழங்கியைத் தேர்ந்தெடுக்கும்படி புதியவரை வற்புறுத்தவில்லை, ஒரு துறையினரின் பட்டியலை ஒரே சொடுக்கில் பின்தொடரவும் வழிசெய்தது. இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. பெரும்பாலான கணக்குகள் இன்னும் அந்நிறுவனத்தின் வழங்கிகளிலேயே இருப்பதால், மையமின்மை அங்கே நடைமுறையாவதைவிட வாக்குறுதியாகவே நிற்கிறது. மாஸ்டடானிலும் இடம்பெயரும் உரிமை முழுமையானதன்று: வழங்கியை மாற்றுபவர் பின்தொடர்வோரை உடன் அழைத்துச் செல்லலாம், பழைய பதிவுகளை அல்ல.

மையப்படுத்திய தளம் உள்நாட்டுடையதாக இருந்தாலும் இடர் குறைவதில்லை. 2020இல் தொடங்கித் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடமளித்த பெங்களூரின் கூ, உச்சத்தில் நாள்தோறும் 21 லட்சம் பேர் பயன்படுத்திய தளம். 2024 ஜூலையில் அது மூடப்பட்டபோது, அங்கே எழுதியவர்கள் பின்தொடர்வோரோடு குடிபெயர வேறு வழங்கி எதுவும் இருக்கவில்லை.

தமிழில் எழுதுவோருக்கு மாஸ்டடானிலும் புளூஸ்கையிலும் இன்று குறையாக இருப்பது வழங்கியன்று, கூடும் இடம். புளூஸ்கையில் எவரும் தமிழ்ப் பதிவுகளை மட்டும் சேகரித்துக் காட்டும் ஓடையொன்றைத் தாமே அமைக்கலாம். மாஸ்டடானிலும் 2023 செப்டம்பர் முதல், இசைந்தவர்களின் பதிவுகளைச் சொல் கொண்டு தேட முடிகிறது. இவ்வசதிகளைக் கொண்டு தமிழுக்கு மீண்டும் ஒரு திரட்டியை எழுப்பும் பணியைக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கையிலெடுக்க வேண்டும்.