பறங்கியர் பலகாரமும் ஜோகூரும்

ஜோகூர் பாரு நகரத்து ரொட்டிக் கடைகளில் இக்காலத்தில் ‘போர்த்துக்கீசிய முட்டை டார்ட்’ என்றொரு பலகாரம் விற்கப்படுகின்றது. மடிப்பு மடிப்பாய்ப் பொரிந்த மாக்கிண்ணத்தில் மஞ்சட் கருவும் பாலும் சர்க்கரையும் சேர்ந்த குழம்பை ஊற்றி, மேற்புறம் திட்டுத்திட்டாய்க் கருகும்வரை பெருஞ்சூட்டிற் சுடுவது இதன் முறை. தோட்டத்துக் கணக்கு வேலையினின்று ஓய்வு கிடைத்து அந்நகர் சென்ற நாம், சிறந்தது எதுவெனக் காணப் பல கடைகள் ஏறி இறங்கினோம். அடுப்பினின்று எடுத்த சூடு ஆறாததும், கடித்தால் ஓடு நொறுங்குவதுமே முதலிடம் பெற்றது. கண்ணாடிப் பெட்டியில் ஆறிக் கிடந்தவை துவண்ட தோல் போலிருந்தன. நிற்க.

இப்பண்டம் அண்டையிலுள்ள மலாக்காவினின்று வந்ததென எண்ணுதல் எளிது, உண்மை வேறு. லிஸ்பன் நகரத்துப் பெலேம் பகுதி மடத்திலே துறவியர் இதனைச் செய்து வந்தனர். உடைக்குக் கஞ்சியிட வெண்கரு செலவாக, மிஞ்சிய மஞ்சட் கருவே பலகாரமாயிற்று என்பர். 1834-இல் அந்நாட்டு அரசு மடங்களை மூடியது. 1837-இல் பண்டம் கடைக்கு வந்தது. 1989-இல் ஆண்ட்ரூ ஸ்டோ என்னும் ஆங்கிலேயர் மக்காவிலுள்ள கொலோவானில் அதனைத் தம் கைப்பாங்கிற் சுட்டு விற்றார். கிழக்காசிய நகரங்களில் அது பெரிதும் பரவியது அதன் பின்னரே.

அங்ஙனமாயின் பறங்கியர் ஜோகூருக்கு முன்னர் ஏதும் தரவில்லையா? தீயைத் தந்தனர். 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றினர்; அங்கிருந்து வெளியேறிய அரச குலமே ஜோகூர் அரசை நிறுவியது. அதன் தலைநகரான ஜோகூர் லாமாவையும் 1587-இல் பறங்கியர் அழித்தனர். 1641-இல் டச்சுக்காரர் மலாக்காவைப் பிடித்தபோது ஜோகூர் அவர்களுக்குத் துணை நின்றது. இத்துணைப் பகைக்கிடையிலும் ஒன்று மலாய்ச் சமையலறையிற் புகுந்து விட்டது. முட்டையும் சர்க்கரையும் மாவும் அடித்துப் பித்தளை அச்சில் ஊற்றி, கீழும் மேலும் தணலிட்டுச் சுடும் ‘பஹுலு’வே அது. பறங்கியர் மொழியில் ‘போலோ’ என்றால் கேக்கு. இன்று பஹுலு இல்லாத ஹரி ராயா உண்டா? அதனை அந்நியப் பண்டமென்று எவரும் தள்ளுவதில்லை.

நம்மவருள்ளோ சிலர் முட்டை டார்ட்டைக் கண்டதும் மிலேச்ச உணவென முகஞ் சுளிக்கின்றனர். அவர்கள் பூட்டும் சாவி, திறக்கும் ஜன்னல், துணி வைக்கும் அலமாரி யாவும் பறங்கிச் சொற்கள். யாழ்ப்பாணத்தார் ரொட்டியடுப்பைப் போறணை என்பதும் அவ்வழி வந்ததே. சொல்லை விடுக, மிளகாய் எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் கண்டத்தினின்று அதே பறங்கியர் கப்பலில் வந்தது. அன்னாசிப் பழமும் அங்ஙனமே. சிராத்தச் சமையலில் மட்டும் வைதிகர் மிளகாயை விலக்கி மிளகிடுவர். பிதிர்களுக்கு ஆகாத பண்டம் மறுநாட் காலைச் சட்டினியிலே பிள்ளைகளுக்கு ஆகிவிடுகின்றது!

ஜோகூர் பாரு செல்லும் நேயர்கள் டார்ட்டைச் சுடச்சுட வாங்கி அங்கேயே உண்க. வீட்டிற்கு எடுத்துவரப் பஹுலுவே ஏற்றது. காற்றுப் புகாத டப்பாவில் பல நாள் தாங்கும்.