நிகழ்படத் தொகுப்புக் கணினி

நிகழ்படத் தொகுப்புக் கணினி என்பது ஒளிப்பதிவுகளை வெட்டி, இணைத்து, நிறம் திருத்தி, இறுதி வடிவில் வெளியிடப் பயன்படும் கணினி ஆகும். குறைந்த செலவில் இதனை அமைக்கும்போது, கையாளப்படும் கோப்புகளின் தன்மையே உறுப்புகளின் தெரிவைத் தீர்மானிக்கின்றது.

செயலி

எச்.264 (2003), எச்.265 (2013) ஆகிய சுருக்க முறைகளில் பெரும்பாலான சட்டங்கள் முழுப்படமாகச் சேமிக்கப்படுவதில்லை. பிற சட்டங்களுடனான வேறுபாடே பதியப்படுகின்றது. ஆகவே ஒரு சட்டத்தைக் காட்டப் பல சட்டங்களை விரிக்க வேண்டியுள்ளது. இதற்கெனத் தனிச் சுற்றினை இன்டெல் நிறுவனம் 2011 இல் குவிக் சிங்க் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. இச்சுற்று உள்ளிணைந்த வரைகலைப் பகுதியில் அமைந்துள்ளது. அப்பகுதி செயற்படாத, பெயரின் இறுதியில் 'எஃப்' எழுத்துடைய செயலிகளில் இவ்வசதி கிடைக்காது. அவற்றை வாங்குவோர் தனி வரைகலை அட்டையும் வாங்க நேரிடுவதால், விலைக்குறைவின் பயன் இல்லாமற் போகலாம்.

நினைவகம்

1080 வரித் தொகுப்புக்கு 16 கிகாபைட்டும், 4கே தொகுப்புக்கு 32 கிகாபைட்டும் பொதுவாகப் போதுமானவை. ஒரே அளவுள்ள இரண்டு அட்டைகளாகப் பொருத்தினால் இரட்டைத் தடத்தில் இயங்கும்.

சேமிப்பகம்

நொடிக்கு 100 மெகாபிட்டு வீதம் பதிவான ஒரு மணி நேரக் காட்சி 45 கிகாபைட்டு இடம் பிடிக்கும். நடப்புப் பணிக்குத் திண்மநிலை வட்டும், முடிந்த பணிகளுக்கு மலிவான வன்தட்டும் ஏற்றவை. மூலக் காட்சிகளின் படியை வேறொரு வட்டில் வைத்தல் இன்றியமையாதது.

பதிலிக் கோப்புகள்

மூலக் காட்சிகளைச் சிறிய அளவில் மாற்றித் தொகுத்து, வெளியிடும்போது மட்டும் மூலத்தைப் பயன்படுத்தும் முறை இது. இதனால் பழைய கணினியிலும் 4கே காட்சிகளைத் தொகுக்க இயலும்; எனவே புதிய உறுப்புகளை வாங்குமுன் இம்முறையைச் சோதித்தல் நன்று.