பாண்டியன் பருகிய தேறல் எந்த ஊர்த் தோட்டத்தது?



ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேக்காவில் பூ வாங்கிக்கொண்டு நின்றபோது என் பழைய மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். தொடக்கநிலை ஆறில் என்னிடம் தமிழ் பயின்றவர். இன்று நகரின் மையப் பகுதியில் திராட்சை மது இறக்குமதி செய்து விற்கும் கடையொன்றில் பணிபுரிகிறார். "சார், அன்று வகுப்பில் யவனர் கொண்டு வந்த தேறல் என்று சொன்னீர்கள். தேறல் என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு வகைப் பானம் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்திற்குப் போய்விட்டீர்கள். இப்போதாவது சொல்வீர்களா?" என்று சிரித்தபடி கேட்டார்.

நான் அடுத்த பக்கத்திற்குப் போனதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, தமிழ்மொழி மாத நிகழ்ச்சிக்காகச் சங்க காலம் பற்றிய படத்தொகுப்பொன்றைக் காட்டியபோது, பெற்றோர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "பிள்ளைகளுக்குக் குடியைப் பற்றியா சொல்லிக் கொடுக்கிறீர்கள்?" என்று வருந்தினார். அவர் வருத்தத்தை நான் குறைகூற மாட்டேன். சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் மது என்னும் சொல் கள்ளுக்கடையின் நினைவோடு வருவது. அந்நாளில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகளின் வாசலில் தொழிலாளர்களின் கூலியில் பெரும்பகுதி கரைந்தது. 1932இல் தொடங்கப்பட்ட தமிழர் சீர்திருத்தச் சங்கத்தார் மதுவிலக்கை வலியுறுத்தியதும் அதனால்தான். என் பாட்டனார் துறைமுகத் தொழிலாளி. அவர் கள்ளுக்கடையில் விட்ட பணத்தின் கணக்கை என் பாட்டி இறக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் மது அருந்துவதில்லை என்பதற்கு அந்தக் கணக்கே போதுமான காரணம். பின்னாளில், 2013 டிசம்பர் 8ஆம் நாள் லிட்டில் இந்தியாவில் நிகழ்ந்த கலவரத்தையும், 2015 ஏப்ரல் முதல் இப்பகுதி மதுக் கட்டுப்பாட்டு வட்டாரமாக்கப்பட்டதையும் நாம் அனைவரும் அறிவோம்.

ஆயினும் ஒரு சொல்லின் பொருளை மாணவரிடம் மறைத்தது மனத்தை உறுத்தியது. எனவே, அவர் கடையில் நடந்த சுவைத்தறியும் நிகழ்ச்சிக்கு அழைத்தபோது சென்றேன். அங்கே முதலில் வியப்பூட்டியது மேசை மீதிருந்த துப்பும் கலம். சுவைப்போர் ஒரு வாய் எடுத்து, நாவில் உருட்டி, அதில் துப்பிவிடுகின்றனர். குடிக்காமல் மதுவை ஆராய ஒரு முறை உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது. நானும் பெரும்பாலும் முகர்ந்து பார்ப்பதோடு நின்றேன்.

அன்று வைத்திருந்தவை சிரா, கிரெனாஷ் என்னும் இரு வகைத் திராட்சையில் செய்த செம்மதுக்கள். ஒவ்வொன்றும் ஒரே தோட்டத்துப் பழத்தில் மட்டும் செய்யப்பட்டது. சிராவின் கிண்ணத்தை முகர்ந்ததும் எனக்கு மிளகு ரசத்தின் நினைவு வந்தது. சொன்னால் நகைப்பார்களோ என்று தயங்கினேன். மாணவரோ, "சரியாகச் சொன்னீர்கள் சார்" என்றார். ரொட்டண்டோன் என்னும் ஒரே வேதிப்பொருள்தான் மிளகிலும் சிராவிலும் அந்த மணத்தைத் தருகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டிருக்கின்றனர். யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பின என்று அகநானூறு கூறுவது உடனே நினைவுக்கு வந்தது. மிளகு தேடி வந்தவர் நாட்டின் மதுவில் மிளகு மணப்பது வெறும் தற்செயலே. எனினும் மகிழ்ச்சி தரும் தற்செயல். கிரெனாஷ் வேறு மாதிரி. நிறம் சற்று வெளிறியது, பழ மணம் மிகுந்தது, துவர்ப்பு குறைந்தது. வெயிலில் நெடுநாள் பழுப்பதால் சர்க்கரை ஏறி, அதன் மதுவில் போதையின் அளவும் கூடுமாம்.

ஒற்றைத் தோட்டம் என்பதன் பொருளைத் தேக்கா மொழியில் சொன்னால் எளிதில் விளங்கும். பூக்கடையில் எல்லா மல்லிகையும் மதுரை மல்லிகைதான்! உண்மையான மதுரை மல்லி எது என்று வரையறுக்க 2013இல் புவிசார் குறியீடு வழங்கினர். பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு 2019இலும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இலும் அவ்வாறே வழங்கப்பட்டது. ஊர்ப்பெயருக்கு மதிப்பு ஏறினால் அப்பெயரைத் திருடுவோரும் பெருகுவர். வைன் உலகம் இதில் இன்னும் ஒரு படி இறங்கி, ஊரை விட்டுக் குன்றையும், குன்றை விட்டு அதன் ஒரு துண்டையும் பெயர் சொல்லி விற்கிறது.

பிரான்சில் ரோன் ஆற்றங்கரையில் எர்மித்தாஜ் என்றொரு குன்று உண்டு. ஏறக்குறைய 135 ஹெக்டேர் பரப்பே உள்ள அச்சிறு குன்றில் பெஸார், மெயால், கிரெஃபியோ என்று ஒவ்வொரு சரிவிற்கும் தனிப்பெயர் உண்டு. சிலுவைப் போரிலிருந்து திரும்பிய வீரர் ஒருவர் பாரசீகத்து ஷிராஸ் நகரிலிருந்து கொண்டு வந்த கொடியே சிரா என்று நெடுங்காலம் கதை சொல்லி வந்தனர். 1990களின் இறுதியில் மரபணு ஆய்வு அதைப் பொய்யாக்கியது. சிராவின் தாய் தந்தை இரண்டும் தென்கிழக்குப் பிரான்சின் கொடிகளே. ஒன்றின் பெயர் மொந்தேஸ் பிளான்ஷ், மற்றதன் பெயர் துரேஸா. பெயரொலி ஒத்திருப்பதை வைத்துச் சொற்பிறப்புச் சொல்லும் பழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

1831இல் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் பிரான்சிலும் ஸ்பெயினிலும் சுற்றித் திரட்டிய கொடித் துண்டுகள் ஆஸ்திரேலியா சென்றன. பின்னர் 1860களில் ஃபிலாக்செரா என்னும் நுண்பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. தெற்கு ஆஸ்திரேலியா கடுமையான தடைக்காப்பினால் தப்பியது. எனவே சிராவின் தாயகம் பிரான்சாயினும் 1840களில் நட்ட மிகப் பழைய கொடிகளைக் காண பரோசா பள்ளத்தாக்கிற்குத்தான் செல்ல வேண்டும். ஆஸ்திரேலியர் சிராவை ஷிராஸ் என்றே அழைக்கின்றனர். 1980களில் வைன் விலை வீழ்ந்தபோது, பழங்கொடிகளைப் பிடுங்குவதற்கு அங்குள்ள அரசே பணம் கொடுத்தது என்பதையும் அன்று அறிந்தேன். அதில் தப்பியவையே இன்று பெயர் சொல்லி விற்கப்படுகின்றன.

இனி யவனரிடம் வருவோம். தோட்டத்தின் பெயரால் மதுவை விற்பது புதிய வழக்கமன்று. ரோமாபுரி அறிஞர் பிளினி முதல் நூற்றாண்டில் எழுதிய நூலில், ஃபலெர்னம் என்ற புகழ்பெற்ற மதுவையே மூன்றாகப் பிரிப்பாரும் உண்டு என்கிறார்: குன்றின் உச்சியில் விளைவது கௌசினம், நடுச்சரிவில் விளைவது ஃபாஸ்தியன், அடிவாரத்தில் விளைவது மட்டுமே ஃபலெர்னம். நடுவிலுள்ளது ஃபாஸ்தஸ் என்பவரின் தோட்டத்தால் பெயர் பெற்றது. மதுச்சாடிகளின் கழுத்தில் மையால் ஊரையும் ஆண்டையும் எழுதும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது.

அத்தகைய சாடிகள் நம் கரைக்கும் வந்தன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழாய்வு செய்தனர். அங்குக் கிடைத்த சாடித் துண்டுகளை எலிசபெத் லைடிங் வில் என்னும் அறிஞர் ஆராய்ந்தபோது, கிரேக்கத் தீவான கோஸின் சாடி வடிவமே மிகுதியாக இருக்கக் கண்டார். இரட்டைத் தண்டு போன்ற கைப்பிடி அதன் அடையாளம்.

கோஸ் தீவு மதுவின் கதை சுவையானது. அதில் கடல்நீர் கலப்பார்கள். தான் தர வேண்டிய அளவை நிரப்ப அடிமை ஒருவன் திருட்டுத்தனமாகக் கடல்நீரை ஊற்றினான் என்றும், அதுவே பின்னர் வழக்கமாயிற்று என்றும் பிளினி எழுதுகிறார். மது விரும்பப்பட்டதும் போலி பிறந்தது. இத்தாலிய நிலக்கிழார் கேட்டோ, கோஸ் தீவின் மதுவை இத்தாலியிலேயே செய்வதற்கான செய்முறையைத் தம் வேளாண்மை நூலில் கொடுத்திருக்கிறார். காற்றில்லாத நாளில், கரையிலிருந்து தொலைவில் எடுத்த கடல்நீர் வேண்டுமாம்! சாடியின் வடிவத்தையும் இத்தாலியக் குயவர் பின்பற்றினர்.

அப்படியானால் அரிக்கமேட்டில் இறங்கியது கோஸின் அசலா, இத்தாலியின் போலியா? சாடியின் வடிவம் இதற்கு விடை தராது, மண்தான் தரும். வெசுவியஸ் எரிமலை அருகிலுள்ள கம்பானியப் பகுதியில் வனைந்த சாடியின் களிமண்ணில் கருமணல் மினுமினுக்கும். அம்மண்ணால் ஆன துண்டுகள் அரிக்கமேட்டிலும் கிடைத்தன. கேரளத்தில் 2007 முதல் அகழ்ந்த பட்டணத்திலும் கிடைத்தன. ஆக, இரு வகையும் வந்திருக்கின்றன.

நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கொணர்ந்த மணமிக்க தேறலை மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர நீ நாள்தோறும் இனிது வாழ்க என்கிறார். அங்கே வரும் கலம் என்ற சொல்லுக்குச் சாடி என்றும் கப்பல் என்றும் பொருள்கொள்ள இடமுண்டு. மன்னன் கையிலிருந்த கிண்ணத்தில் உப்புக் கரித்ததா என்று நக்கீரர் சொல்லவில்லை. மன்னனுக்கென்று வந்தது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். அதே காலத்துக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளஸ், முசிறிக்கு மது சிறிதளவே சென்றது என்கிறது. ஊரெல்லாம் குடித்தது கள்ளும் நறவும். யவனத் தேறல் செல்வர்க்குரிய அரும்பொருள்.

இவ்விடத்தில் என் பிழையொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பழைய படத்தொகுப்பில் தமிழகக் கடற்கரையில் கிடைத்த சாடித் துண்டு அனைத்தையும் ரோமானியச் சாடி என்றே காட்டியிருந்தேன். ரொபெர்தா டாம்பர் என்ற ஆய்வாளர் 2000களில் இந்தியாவின் பல ஊர்த் துண்டுகளை மீண்டும் பார்த்து, அவ்வாறு எண்ணப்பட்டவற்றில் பல மெசொப்பொத்தேமியாவில், அதாவது இன்றைய ஈராக் பகுதியில், செய்தவை என்று காட்டினார். உட்புறம் நிலக்கீல் பூசிய, கைப்பிடியில்லாத, நீண்ட சாடிகள் அவை. காலத்தால் பிற்பட்டவையும் அவற்றில் பல. ரோமாபுரியே நம்மிடம் வந்தது என்று பெருமை பேசும் ஆர்வத்தில் பாரசீக வளைகுடா வணிகரை நான் மறந்தே போனேன். அந்தப் படங்களை இப்போது நீக்கிவிட்டேன்.

கடையில் விலைச்சீட்டுகளைப் பார்த்தபோது இதே எச்சரிக்கை அங்கும் பயன்பட்டது. எர்மித்தாஜின் புகழ்பெற்ற லா ஷாப்பெல் தோட்டப் பெயர் போல ஒலிக்கும். ஆனால் அது குன்றின் மேலுள்ள சிற்றாலயத்தின் பெயர், பழமோ பல சரிவுகளிலிருந்து வருவது. ஆஸ்திரேலியாவின் ஹில் ஆஃப் கிரேஸ் உண்மையிலேயே ஒரே தோட்டத்தது. 1958இல் முதலில் வந்தது. அந்நாட்டின் மிகப் புகழ்பெற்ற கிரேஞ்ச் பல தோட்டக் கலவை. 1989ஆம் ஆண்டு விளைச்சல் வரை அதன் சீட்டில் பிரெஞ்சுக் குன்றின் பெயரும் சேர்ந்திருந்தது, பின்னர் நீக்கப்பட்டது. ஒற்றைத் தோட்டம் என்ற சொல்லுக்கு எல்லா நாட்டிலும் ஒரே சட்ட வரையறை இல்லை. தோட்டத்தின் பெயர், அதன் உரிமையாளர், பழம் பறித்த ஆண்டு மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும் என்பது மாணவர் தம் வாடிக்கையாளர்க்குச் சொல்லும் அறிவுரை. சிங்கப்பூரில் வரி வேறு. ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 14 விழுக்காடுள்ள 750 மில்லிலிட்டர் புட்டிக்கு 9 வெள்ளி 24 காசு ஆகிறது. 30 வெள்ளிப் புட்டிக்கும் 1000 வெள்ளிப் புட்டிக்கும் இந்தத் தொகை ஒன்றே. இதன் மேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. தொடக்கநிலை ஆறுக்கு நல்ல விழுக்காட்டுக் கணக்கு. வினாத்தாளில் மட்டும் போட முடியாது.

புறப்படும்போது அவருக்குரிய விடையைச் சொன்னேன். தேறு என்றால் தெளிதல். கலங்கிய நீரைத் தெளிவிக்கும் தேற்றாங்கொட்டை, தேர்வில் தேறுதல் எல்லாம் அதே வேர். வண்டல் நீங்கித் தெளிந்த மது தேறல். அதைக் குடிப்பது நல்லதன்று என்று சொல்லத் திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என்று தனி அதிகாரமே வைத்திருக்கிறார் என்பதையும் சேர்த்தே சொன்னேன். "இவ்வளவுதானா சார்? அன்றே சொல்லியிருக்கலாமே" என்றார்.

இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. கடையில் மீந்திருந்த கிரெனாஷில் சிறிதளவு உப்பைக் கலந்து சுவைத்துப் பார்த்தாராம். கசப்பு அடங்கிப் பழச்சுவை மேலெழுந்ததாம். இரண்டாவது முறை உப்பைக் கூட்டியதும் வாயில் வைக்க முடியவில்லையாம்.