தோட்டத்துக் கோயிலின் ‘ஸ்ரீ’யும் 2018-இன் ஐபோன் முடக்கமும்

2018 பிப்ரவரியில் ஐபோன் செயலிகளை முடக்கிய சரத்தைச் செய்தித்தாள்கள் ‘தெலுங்கு எழுத்து’ என்றே எழுதின. அதைப் பிரித்தால் ஐந்து குறிகள்: ஜ, விராமம், ஞ, கண்ணுக்குத் தெரியாத இணைப்புத்தடை (யூனிகோடு எண் 8204), ஆகாரக் குறி. தெலுங்கில் ‘ஞானம்’ என்று எழுதுபவர் அந்த நான்காவது குறியை இடுவதில்லை. ஏட்டுச்சுவடிக்காரர் மொழியில் சொன்னால் அது இடைச்செருகல்.

இதை ஒழுங்காக வாசித்தவர் நிரலாளர் மனீஷ் கோரேகாவ்கர். தெலுங்கு, தேவநாகரி, வங்காளம் மூன்றிலும் ஒரே அமைப்பு முடக்குகிறது என்று அவர் காட்டினார்: முதல் மெய், அதன்பின் ஒட்டிக்கொள்ளும் இரண்டாம் மெய், இணைப்புத்தடை, உயிர்க்குறி. உயிர்க்குறி இரு துண்டுகளால் ஆனதென்றால், அதாவது வங்காள ஓகாரம், ஔகாரம், தெலுங்கு ஐகாரம் என்றால், எதுவும் நேர்வதில்லை. இந்த விலக்கை அவர் விதியின் ஓரத்தில் வைக்கிறார். இங்கேதான் நான் வேறுபடுகிறேன். எனக்கு வழக்கே இந்த விலக்கில்தான் இருக்கிறது. அவருடைய பகுப்பு எழுத்திலக்கணத்திலிருந்து தொடங்குகிறது. கணினி இலக்கணம் பார்ப்பதில்லை, வடிவங்களை எண்ணுகிறது. குறி இரண்டாகப் பிரிந்தால் எண்ணிக்கை மாறும், முடக்கமும் நின்றுவிடும் என்றால், கோளாறு எண்ணுமிடத்தில் என்று ஐயுற இடமுண்டு. பிப்ரவரி 19 அன்று ஐஓஎஸ் 11.2.6-உடன் வந்த ஆப்பிளின் குறிப்பும் (சிவிஇ-2018-4124) பழியை எழுத்துருவின் மேல் போடவில்லை. எழுத்துகளைக் கோத்து வரையும் ஆப்பிளின் நிரலகமான கோர்டெக்ஸ்டில் நினைவகம் சிதைந்தது என்கிறது. கோர்டெக்ஸ்டின் மூலநிரல் மூடியது. ஆகவே இது சான்றன்று, ஊகமே. ஆனால் மூன்று எழுத்துகளின் இலக்கணத்துக்கும் பொதுவிதி தேடுவதைவிட எளிய ஊகம்.

‘தமிழில் கூட்டெழுத்து இல்லை, அதனால் தப்பியது’ என்பது சோம்பேறி விடை. மலேசியாவில் கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்துக் கோயில் பலகைகளைப் பார்த்தவருக்கு ஸ்ரீயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஸ், ர, ஈகாரம்: தேவநாகரியில் இரண்டாம் மெய்யாக வந்து ஆபத்து விளைத்த அதே ரகரம் இதிலும் உண்டு. தேவநாகரி ரகரம் முன்னெழுத்தில் சிறு கோடாகத் தொங்குகிறது; நம் ஸ்ரீயோ முழு வரிசைக்கும் ஒரே வடிவம். இடையில் எதைச் செருகினாலும் அந்த வடிவம் அமையாது, ஒட்டுத்துண்டும் மிஞ்சாது. தமிழ் தப்பியது இதனால்தான் என்பது என் வாதம்.

பழைய எட்டு பிட்டு எழுத்துருக் காலத்தில், முரசு அஞ்சல் மென்பொருள் 1985-இல் தொடங்கிய தலைமுறையில், வரிசையை வடிவமாக்கும் இந்தக் கேள்வியே எழாது. வடிவத்துக்கு ஓர் எண்; இயங்குதளம் வரைந்துவிட்டுப் போகும். விண்டோஸ் 2000 தமிழைக் கோக்கும் வேலையைத் தானே ஏற்றது. எழுத்துருவைப் படிக்கும் வேலையோ 1996-இன் என்டி 4 முதலே கெர்னலுக்குள் இருந்தது. 2011-இல் டூக்கூ என்ற தீநிரல் நுழைந்த வாசல் அதுதான். அதே ஆண்டு டிசம்பரில் அடைத்தார்கள்.

ஸ்ரீக்கு ஒரு பாடபேதமும் உண்டு. 2005-இல் யூனிகோடு 4.1 ‘ஶ’வைச் சேர்த்தபின், ஶகரத்தில் தொடங்கும் வரிசையும் ஸகரத்தில் தொடங்கும் வரிசையும் திரையில் ஒரே உருவாகத் தோன்றலாம். கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு இரண்டு. இது நினைவக ஓட்டையன்று, கண்ணின் ஓட்டை. ஆனால் திருவிழா அழைப்பிதழ்க் கோப்பு ஒன்றில் ஸகர வரிசை கிடைத்தால் அது 2005-க்கு முந்தையது என்று காலம் கணித்துவிட முடியாது. பழைய வரிசையையே இடும் விசைப்பலகைகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.