இரண்டு ஸ்மித்களும் ஒரு டிக்கெட்டும்

'நியூயார்க் போகணும், ஸீட் இருக்கா?' 1950-களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு ஃபோன் போட்டு இப்படிக் கேட்டால், டிக்கெட் பதிவாகி முடிய எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? சராசரியாக 90 நிமிடம்!

காரணம் இதுதான். லிட்டில் ராக் நகரிலிருந்த அலுவலகத்தில், சுழலும் பெட்டி ஒன்று நிறைய அட்டைகள். விமானத்துக்கு ஒரு அட்டை. சுற்றிலும் எட்டு ஊழியர்கள். பெட்டியைச் சுழற்றி, அட்டையைத் தேடி, ஓரத்தில் ஒரு குறி போடணும். ஒன்பதாவது ஆள் உட்கார இடம் கிடையாது!

1952-ல் காலி ஸீட்டுகளை எண்ணிச் சொல்ல ஒரு மெஷின் வந்தது. ஆனால், பயணியின் பெயரும் விவரமும் பழையபடி அட்டையில்தான். எண்ணிக்கை ஓரிடம், ஆள் வேறிடம்! குழப்பத்துக்குக் கேட்க வேண்டுமா?

1953. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் போகும் விமானத்தில் அந்தக் கம்பெனியின் தலைவர் ஸி.ஆர்.ஸ்மித் ஏறினார். அதே விமானத்தில் ஐ.பி.எம். கம்பெனியின் விற்பனையாளர் ஒருவர். அவர் பெயர்... பிளேர் ஸ்மித்! 'அட, நீங்களும் ஸ்மித்தா?' என்று பேச்சு வளர்ந்தது.

அப்போது ஐ.பி.எம்., அமெரிக்க விமானப் படைக்காக 'ஸேஜ்' என்ற திட்டத்தில் இறங்கியிருந்தது. பல ராடார்கள் தரும் தகவல்களை ஒன்று சேர்த்து, சோவியத் குண்டுவீச்சு விமானங்களைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு. எதிரி விமானத்தைக் காட்டும் வித்தை காலி ஸீட்டைக் காட்டாதா என்ன?

1959-ல் ஒப்பந்தம். நியூயார்க் மாநிலத்தின் பிரயர்கிளிஃப் மேனரில் இரண்டு 7090 கம்ப்யூட்டர்கள் உட்கார்ந்தன. ஒன்று வேலை பார்க்க, இன்னொன்று அவசரத்துக்கு! செலவு சுமார் 4 கோடி டாலர். 1964-ல் 'ஸேபர்' முழுசாக இயங்க ஆரம்பித்தது. தினமும் சுமார் 83,000 அழைப்புகள். 90 நிமிட வேலை சில நொடிகளில்!

சுபம் என்று எழுந்துவிடாதீர்கள். இனிமேல்தான் விஷயமே இருக்கிறது!

1976-லிருந்து டிராவல் ஏஜென்ட்டுகளின் மேஜைக்கே ஸேபர் வந்தது. மற்ற கம்பெனிகளின் விமானங்களும் அதில் உண்டு. ஆனால், திரையில் முதலில் வருவது யாருடையது? அமெரிக்கன் ஏர்லைன்ஸுடையது! அவசரத்திலிருக்கும் ஏஜென்ட் முதல் திரையைத் தாண்டிப் பார்ப்பாரா? கணக்குப்பிள்ளையே போட்டிக் கடையும் வைத்திருந்த கதை! மற்ற கம்பெனிகள் கொதித்தன. 'பணம் போட்டுக் கட்டியது நாங்கள், பலன் எங்களுக்கு வேண்டாமா?' என்பதுதான் அப்போதைய தலைவர் ராபர்ட் கிராண்டாலின் வாதம். கடைசியில், 1984-ல் அமெரிக்க அரசு விதி போட்டு, திரையில் இந்தப் பாரபட்சத்தைத் தடை செய்தது.

இன்றைக்கு எந்தக் கம்பெனியைக் கேட்டாலும், 'எல்லாத் தகவலையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரப் போகிறோம்' என்கிறார்கள். நல்லதுதான். தொண்ணூறு நிமிடம் யாரால் காத்திருக்க முடியும்? ஆனால், எல்லா நகையையும் ஒரே பீரோவில் வைக்கும்போது நம் பாட்டிமார்கள் ஒரு கேள்வி கேட்பார்களே... அதை நாமும் கேட்டுவிடுவது நல்லது.

'சாவிக்கொத்து யார் இடுப்பில்?'