பைலட் வேலைக்கு யாருக்குத் ‘தகுதி’? அப்துல்லாபுரம் ரன்வேயிலிருந்து ஒரு நூறு வருஷக் கதை

ஆம்பூர்ல இருந்து வேலூருக்கு வர்ற வழியில அப்துல்லாபுரம்னு ஒரு ஊர் இருக்கு. அங்க ஒரு குட்டி விமான நிலையம் இருக்குன்னு நம்மள்ல பாதி பேருக்குத் தெரியாது. பெரிய விமானம் எதுவும் அங்க வந்து இறங்கினதில்லை. ஆனா மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் மாணவர்கள் அந்த ரன்வேயில்தான் சின்ன விமானங்களை ஏத்தி இறக்கிப் பழகினாங்க. அதாவது ஷூ கம்பெனி ஷிஃப்ட் பஸ் ஓடுற ரோட்டுக்கு மேலேயே பைலட்டுகள் உருவாகிட்டு இருந்தாங்க.

மேல பறந்தவங்க யாரு, கீழ நின்னு அண்ணாந்து பார்த்தவங்க யாரு? ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த சுவர் எது? அறிவா, உடம்பா, பணமா, பாலினமா, இல்ல பிறந்த வருஷமா? இன்னைக்கு எபிசோட் இதைப் பத்திதான். இந்தியாவில் பைலட் வேலைக்கு ‘தகுதி’ங்கிற வார்த்தை காலத்துக்குக் காலம் எப்படி மாறிச்சுன்னு பார்ப்போம்.

முதல் கேட்: கிளப்

1929 பிப்ரவரி 10. ஜே.ஆர்.டி. டாடாவுக்கு பைலட் உரிமம் கிடைக்குது. இந்தியாவில் வழங்கப்பட்ட உரிமங்களில் அதோட எண் 1. அதுக்கு மூணு வருஷம் கழிச்சு, 1932 அக்டோபர் 15-ம் தேதி, கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியா பம்பாய்க்கு அவரே ஒரு புஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டையோட பறந்து வந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியா மெட்ராஸுக்கு அந்தத் தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட், பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்தவர்.

இந்த ரெண்டு பேரையும் கவனிங்க. ஒருத்தர் முதலாளி, இன்னொருத்தர் முன்னாள் ராணுவ பைலட். அன்னைக்கு இன்டர்வியூவும் கிடையாது, கட்-ஆஃபும் கிடையாது. ஏற்கெனவே பறக்கத் தெரியணும், அவ்வளவுதான். ஆனா பறக்கக் கத்துக்க ஒரு ஃப்ளையிங் கிளப் உறுப்பினரா இருக்கணும். 1920களின் கடைசியில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, கராச்சின்னு கிளப்புகள் வந்தன, அதை ஒட்டி மெட்ராஸிலும் வந்தது. அந்தக் கிளப்புல யார் இருந்திருப்பாங்கன்னு சொல்லவே வேண்டாம். டேனரியில் தோல் உலர்த்தின குடும்பத்துப் பையன் இருந்திருக்க வாய்ப்பில்லை. சட்டம் அவனைத் தடுக்கலை. ஆனா சட்டம் தடுக்காத கேட்டும் கேட்டுதான்.

லைசென்ஸ் இருக்கு, வேலை இல்லை

இரண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் ராணுவத்துக்குத் தேவைப்படாத டகோட்டா விமானங்கள் மலிவா விற்பனைக்கு வந்தன. உடனே ஏர்லைன் கம்பெனிகள் கிளம்பின. நம்ம காலத்து ஸ்டார்ட்-அப் அலை மாதிரியேதான்.

இந்த நேரத்தில் 1947-ல் பிரேம் மாத்தூர்ங்கிற பெண் கமர்ஷியல் பைலட் உரிமம் வாங்கினாங்க. எட்டு கம்பெனி அவங்களை வேண்டாம்னு சொல்லிச்சு. உரிமம் அதேதான், தேர்வும் அதேதான். ஆனா பெண் ஓட்டினா பயணிகள் பயப்படுவாங்கன்னு காரணம். கடைசியில் ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் அவங்களை எடுத்துக்கிச்சு.

நம்ம மெட்ராஸ் பக்கமும் ஒரு பேர் இருக்கு. உஷா சுந்தரம். 1951-ல் கணவர் வி. சுந்தரத்தோட சேர்ந்து, மெட்ராஸ் அரசு வாங்கின டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு சுமார் 27 மணி நேரத்தில் ஓட்டிட்டு வந்தாங்க. அதாவது, திறமை இருக்கான்னு சந்தேகப்பட இடமே இல்லை. கம்பெனி கேட்டது வேற ஏதோ ஒண்ணு.

நான் சாஃப்ட்வேர்ல இருக்கறதால இதை உடனே புரிஞ்சுக்க முடியுது. கேம்பஸ் பிளேஸ்மென்ட்ல ‘பத்தாவதிலிருந்து எல்லாத்திலும் 60 சதவீதம், அரியர் இருக்கக்கூடாது’ன்னு போடுவாங்க. கோடு எழுதறதுக்கும் பத்தாவது சமூக அறிவியல் மார்க்குக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணும் கிடையாது. ஆயிரம் ரெஸ்யூமை நூறாக் குறைக்க ஒரு சல்லடை வேணும், அவ்வளவுதான். வேலைக்கு நிஜமாவே தேவையான தகுதி ஒண்ணு. கூட்டத்தைக் குறைக்கிற சல்லடை இன்னொண்ணு. ரெண்டுக்கும் ‘தகுதி’ன்னு ஒரே பேர் வச்சிடறோம்.

அந்த டகோட்டா அலைக்கு என்ன ஆச்சு? பயணிகளை விட கம்பெனிகள் அதிகம்னு 1950-ல் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையிலான குழு சொல்லிச்சு. 1953-ல் அரசு விமானத்துறையை நாட்டுடைமை ஆக்கிச்சு. எட்டு கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் உருவாச்சு, வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா. அடுத்த நாற்பது வருஷத்துக்கு ஒரு பைலட்டுக்குப் போக இடம் பெரும்பாலும் அந்த ரெண்டுதான். வேலை பத்திரமானது, ஆனா காலியிடம் ரொம்பக் கம்மி.

பத்தாவது போதும் என்ற காலம்

இங்கதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் வருது. 1990களின் நடுப்பகுதி வரைக்கும் இந்தியாவில் கமர்ஷியல் பைலட் உரிமம் வாங்க பத்தாவது பாஸ் போதும். அதுக்கப்புறம்தான் பன்னிரண்டாவதில் இயற்பியலும் கணிதமும் கட்டாயம்னு விதி வந்தது.

பத்தாவது படிச்ச அந்தத் தலைமுறைதான் ஜெட் விமானத்தையும் ஜம்போவையும் ஓட்டிச்சு. அவங்க காற்றழுத்தமும் வழிகணக்கும் தெரியாம ஓட்டலை. அதையெல்லாம் உரிமத் தேர்வுலேயே தனியாப் படிச்சு எழுதினாங்க. இன்னைக்கும் வழிகணிப்பு, வானிலை, விமானச் சட்டம், தொழில்நுட்பம்னு டிஜிசிஏ தேர்வுகள் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் 70 சதவீதம் எடுக்கணும். பைலட்டுக்குத் தேவையான இயற்பியல் அங்கேயே சோதிக்கப்படுது.

வாணியம்பாடியிலிருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார்: ‘அண்ணா, தங்கச்சி பிளஸ் டூ காமர்ஸ். பைலட் ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. வீட்டை அடமானம் வைக்கலாமான்னு அப்பா யோசிக்கிறார்.’ நம்ம ஊர்ல இது சாதாரணக் கதை. வியாபாரக் குடும்பம், தோல் ஏஜென்சி, ஷூ கம்பெனி அக்கவுன்ட்ஸ்னு பார்த்து வளர்ற பிள்ளைங்க காமர்ஸ் எடுப்பாங்க. பதினைந்து வயசுல எடுத்த அந்த முடிவு காக்பிட் கதவை மூடிடுது.

முழுசா மூடலைன்னும் சொல்லணும். திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ் மூலமா இயற்பியலும் கணிதமும் மட்டும் தனியா எழுதி பாஸ் பண்ணலாம். நிறைய காமர்ஸ் மாணவர்கள் அப்படித்தான் உள்ள போயிருக்காங்க. 2025-ல் டிஜிசிஏ-வே இந்தக் கட்டாயத்தை எடுத்துடலாம்னு பரிந்துரைக்கிற நிலைக்கு வந்தது. முப்பது வருஷமா ‘தகுதி’யா இருந்தது அவசியம்தானான்னு இப்பத்தான் கேட்கிறாங்க.

ஏற்றமும் இறக்கமும்

1994-ல் அந்த 1953 சட்டம் ரத்தாச்சு. தனியார் கம்பெனிகள் வந்தன, அதுல பல, நம்ம சென்னையை மையமா வச்ச என்இபிசி உட்பட, சில வருஷத்துலேயே மூடிட்டுப் போயின. 2003-ல் ஏர் டெக்கான், 2005-ல் கிங்ஃபிஷர், ஸ்பைஸ்ஜெட், 2006-ல் இண்டிகோன்னு அடுத்த அலை. திடீர்னு பைலட் பஞ்சம். வெளிநாட்டு பைலட்டுகளைக் கொண்டுவந்தாங்க. பேப்பரைத் திறந்தா ஃப்ளையிங் ஸ்கூல் விளம்பரம். நடுத்தரக் குடும்பங்கள் கடன் வாங்கி பிள்ளைங்களை அமெரிக்காவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் பயிற்சிக்கு அனுப்பினாங்க.

அவங்க உரிமத்தோட திரும்பி வர்றதுக்குள்ள 2008 பொருளாதார நெருக்கடி. அப்புறம் 2012 அக்டோபர்ல கிங்ஃபிஷர் நின்னு போச்சு. 2019 ஏப்ரல் 17 அன்னைக்கு ஜெட் ஏர்வேஸ். 2020-ல் கோவிட். 2023 மே மாசம் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த கேப்டன்கள் வேலை தேடி சந்தைக்கு வந்தாங்க. அவங்களோட போட்டி போட வேண்டியது 200 மணி நேர அனுபவம் உள்ள புதுசுங்க.

இந்த அழுத்தம் என்ன செய்யும்னு 2011 காட்டிச்சு. ஒரு விமானத்தை முன்சக்கரம் முதல்ல தரையில படற மாதிரி தப்பா இறக்கின சம்பவத்தைத் தோண்டினப்போ, சில பைலட்டுகள் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து மேல்நிலை உரிமம் வாங்கியிருந்தது வெளிய வந்தது. கைதுகளும் நடந்தன. சல்லடை எது, நிஜமான தகுதி எதுன்னு மங்கிப் போற இடத்தில் சில பேர் ரெண்டையுமே தாண்டிக் குதிக்கப் பார்ப்பாங்க. பின்னாடி உட்கார்ந்திருக்கிற 180 பேருக்கு அது தெரியாது.

தோல் பெல்ட்டுக்காரங்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் புதுசு இல்லை. ஐரோப்பாவில் ஆர்டர் குறைஞ்சா ஆம்பூர்ல ஓவர்டைம் நிக்கும். 1970களில் அரைகுறையாப் பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டப்போ மாற முடிஞ்ச டேனரி பிழைச்சது, மாற முடியாதது மூடிச்சு. கை வேலை ஒரே தரம்தான், வருஷம்தான் வேற. பைலட் வேலையும் அப்படித்தான். 2006-ல் உரிமம் வாங்கினவருக்கும் 2009-ல் வாங்கினவருக்கும் நடுவுல திறமை வித்தியாசம் இல்லை. மூணு வருஷ வித்தியாசம்தான்.

எத்தனை மணி நேரம் போதும்?

‘200 மணி நேரம் பறந்தவரை ஏர்பஸ்ல உட்கார வைக்கிறது சரியா?’ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 2009 பிப்ரவரி 12-ம் தேதி பஃபலோ நகரம் பக்கத்துல கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம் 2013-லிருந்து அங்க ஏர்லைன் துணை பைலட்டுக்கே பொதுவா 1500 மணி நேரம் வேணும்னு ஆச்சு. ஆனா அந்த விமானத்தை ஓட்டின ரெண்டு பேருமே 1500 மணி நேரத்துக்கு மேல பறந்தவங்க. விசாரணையில் வெளிவந்தது வேற: வேகம் குறைஞ்சு எச்சரிக்கை வந்தப்போ கேப்டன் செஞ்ச தப்பான செயல், அவர் முன்னாடி பல சோதனைகளில் தோத்திருந்தது, களைப்பு. மணிக்கணக்கு எண்ணறதுக்குச் சுலபம். பயிற்சியோட தரத்தை எண்ணறது கஷ்டம். அதனால விதி எப்பவும் சுலபமான எண் பக்கமே சாயுது.

களைப்புன்னதும் நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு. 2025-ல் பைலட்டுகளுக்கு வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கின புது விதிகள் அமலுக்கு வந்தன. அதுக்குப் போதுமான பைலட் ஏற்பாடு இல்லாம டிசம்பர் ஆரம்பத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செஞ்சது. ஒரு பக்கம் உரிமத்தோட வேலை தேடுற பிள்ளைங்க, இன்னொரு பக்கம் பைலட் போதாம நிக்கிற விமானங்கள். ரெண்டும் ஒரே நாட்டுல, ஒரே நேரத்துல!

ஏன்? கம்பெனிக்கு வேணுங்கிறது உரிமம் மட்டும் இல்லை. ஏ320 மாதிரி குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங் வேணும், அப்புறம் கேப்டன் கூட உட்கார்ந்து பழகற காலம் வேணும். அந்தச் செலவுல பெரும்பங்கு இப்ப மாணவர் தலைமேல. எல்லாம் சேர்த்தா அரைக் கோடியைத் தாண்டி ஒரு கோடியைத் தொடற கணக்கு வருது. 1930-ல் கிளப் உறுப்பினர் அட்டை செஞ்ச வேலையை இன்னைக்கு இந்தத் தொகை செய்யுது.

அப்போ என்ன செய்யலாம்?

நல்ல செய்தியும் இருக்கு. 2023-ல் ஏர் இந்தியா 470 விமானமும் இண்டிகோ 500 விமானமும் ஆர்டர் பண்ணியிருக்கு. பிரேம் மாத்தூரை எட்டு கம்பெனி திருப்பி அனுப்பின நாட்டுல இன்னைக்கு பைலட்டுகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள். உலக சராசரியைப் போல அது ஏறக்குறைய மூணு மடங்கு. ஒரு கேட் நிஜமாவே உடைஞ்சிருக்கு.

ஆனா ஆர்டர் வேற, விமானம் வந்து சேர்றது வேற. அதனால ஆசைப்படுற வீட்டுக்கு வரிசையாச் சொல்றேன். முதல்ல மருத்துவப் பரிசோதனை. ஒரு பைசா ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி அதை முடிங்க. கண்ணாடி போட்டா வாய்ப்பே இல்லைங்கிறது பழைய கட்டுக்கதை, ஆனா மத்ததெல்லாம் டாக்டர்தான் சொல்லணும். ரெண்டாவது, டிஜிசிஏ எழுத்துத் தேர்வுகள். செலவு கம்மி, நமக்கு இது ஒத்து வருமான்னு அதுலேயே தெரிஞ்சிடும். அதுக்கப்புறம்தான் பறக்கிற பணம். உரிமம் கைக்கு வந்து ரெண்டு மூணு வருஷம் வேலை இல்லைன்னாலும் கடன் தவணை கட்ட முடியுமான்னு எழுதிப் பாருங்க. முடியாதுன்னா வீட்டுப் பத்திரத்தைத் தொடாதீங்க. கையில ஒரு டிகிரியும் இருக்கட்டும்.

அரசுக்கும் கம்பெனிகளுக்கும் சொல்ல ஒண்ணுதான் இருக்கு. விமானத்தைப் பத்திரமா இறக்கத் தேவையான தகுதியில் ஒரு மார்க் கூட குறைக்காதீங்க, இன்னும் ஏத்துங்க. ஆனா அதுக்குச் சம்பந்தமில்லாத கேட்டையெல்லாம் தகுதிங்கிற பேர்ல வச்சிருக்காதீங்க. பயிற்சிச் செலவுல கம்பெனியும் பங்கு எடுத்தா, உள்ள வர்ற பிள்ளையோட திறமையைத் தேடிப் பார்க்கிற அக்கறை தானா வரும்.

அடுத்த எபிசோட்ல பாலாறு வழக்கு: 1996-ல் உச்ச நீதிமன்றம் நம்ம டேனரிகளைப் பார்த்து என்ன சொல்லிச்சுன்னு பேசுவோம். உங்க ஊர்ல யாராவது ஃப்ளையிங் ஸ்கூல் நோட்டீஸைக் கையில வச்சுக்கிட்டு யோசிச்சிட்டு இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்பி வைங்க.