துருவும் நஞ்சும்

சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனான நல்லியக்கோடனின் ஓய்மா நாடு எங்கே உள்ளது என்று கேட்பார்க்குத் திண்டிவனத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் காட்டுவது நம் வகுப்பறை மரபு. அந்நூல் பேசும் கிடங்கில் இன்று திண்டிவனம் நகருக்குள் அடங்கிவிட்டது. எயிற்பட்டினம் என்பது மரக்காணமே என்பர் ஆய்வாளர். திண்டிவனத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 35 கி.மீ. சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் கண்ணுக்குத் தெரியும். விழுப்புரத்தில் பல்லாண்டு உழைக்கும் ஜன்னல் கம்பி அங்கே சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உதிர்கிறது. உப்பை வாருவதற்கு அங்கே மரப்பலகையைத்தான் நம்புகிறார்கள்.

இலக்கியம் பேசும் இடத்தில் துருவுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். உப்புநீரில் உலோகத்தைக் காப்பது எப்படி என்பது மிகப் பழைய கேள்வி. அந்நீரில் வாழும் உயிரைக் கொல்லாமல் காப்பது எப்படி என்பதோ நேற்று எழுந்த கேள்வி. முதலாவதற்கு விடை கண்டவர்கள் இரண்டாவதை எண்ணிப் பார்க்கவே நெடுங்காலம் ஆயிற்று. அவ்வரலாறு அறியத்தக்கது.

சோழமண்டலக் கரையில் அலை கடந்து கப்பலுக்குச் சரக்கும் ஆளும் ஏற்றிச் சென்ற மசூலாப் படகுகளில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். கட்டுமரமோ பெயரிலேயே தன் இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறது. முன்னோர் துருவை அறிந்து இரும்பை விலக்கினர் என்று இதைக் கொண்டாடுவோர் உண்டு. நாம் அவ்வளவு தூரம் போக மாட்டோம். கரையில் மோதும் அலைக்கு வளைந்து கொடுக்க வேண்டும் என்பதே தையலின் முதற் காரணம். ஆயினும் விளைவு ஒன்றுதான். இரும்பு இல்லாத இடத்தில் துரு இல்லை, துருவைத் தடுக்கும் நஞ்சும் இல்லை.

ஐரோப்பியர் கப்பல்களின் கதை வேறு. மரத்தைத் துளைக்கும் கடற்புழுவைத் தடுக்க, 1761இல் ஆங்கிலக் கடற்படை ‘அலார்ம்’ என்னும் கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு போர்த்தியது. மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று திரும்பிய அக்கப்பலை ஆராய்ந்தபோது, தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல கரைந்து போயிருந்தன. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புத் தாள் ஆணிக்கும் செம்புக்கும் இடையில் சிக்கியிருந்த இடங்களில் மட்டும் ஆணி பழுதின்றி இருந்ததாம். இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் மின்கலம் போல் இயங்கும். அவற்றுள் ஒன்று தேய்ந்து மற்றதைக் காக்கும். மின்கலம் என்ற கருவியே பிறவாத காலத்தில் ஒரு தாள் துண்டு சொல்லிக் கொடுத்த பாடம் இது.

இதனை அறிவியலாக்கியவர் ஹம்ப்ரி டேவி. செம்பின் பரப்பில் நாற்பதில் ஒரு பங்கு முதல் நூற்றைம்பதில் ஒரு பங்கு வரை துத்தநாகமோ இரும்போ இணைத்தால் செம்பு அரிபடாது என்று 1824இல் இராயல் சங்கத்தில் காட்டினார். கப்பல்களிலும் பொருத்தினார்கள். செம்பு அப்படியே இருந்தது. ஆனால் அதன்மேல் பாசியும் கொட்டலசும் மண்டிக் கப்பலின் விரைவைக் கெடுத்தன. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நஞ்சானதால்தான் அதுவரை உயிர்கள் அதனை அண்டாதிருந்தன. டேவி கரைவதை நிறுத்தினார், நஞ்சும் நின்றது. கடற்படை வெறுப்புற்று அவருடைய முறையைக் கைவிட்டது. துருத் தடுப்பின் வரலாற்றில் இதைப் போல் நமக்குப் பொருள் தரும் தோல்வி வேறில்லை.

(செம்பின் களிம்பைச் சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு உவமை கூறுவர்: இடையில் வந்து ஒட்டியதன்று, உடன் பிறந்தது என்பது கருத்து. வேதியியலார் இதற்கு உடன்படார். உவமை அழகு என்பதில் நமக்கு ஐயமில்லை.)

பின்வந்தோர் செம்பினும் கொடிய நஞ்சைத் தேடினார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளீயச் சேர்மமான டிரைபியூட்டைல்டின் கலந்த வண்ணம் கப்பல்களின் அடியில் பூசப்பட்டது. பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடு தடித்து உருக்குலைந்தது; குஞ்சுகள் பிழைக்கவில்லை. கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு வளர்ந்தது. 1982இல் பிரான்சு சிறு படகுகளுக்கு அவ்வண்ணத்தைத் தடை செய்தது. 2001இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு உடன்படிக்கை 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது.

தமிழகத்தில் இக்கேள்விகளுக்கென்றே ஒரு நிறுவனம் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. மண்டபத்தில் அதற்கு அரிப்புச் சோதனை நிலையம் உள்ளது. அருகிலேயே பாம்பன். 1914இல் திறந்த பழைய பாலம் உப்புக்காற்றோடு ஒரு நூற்றாண்டுக்கு மேல் போராடியது. 2025இல் திறந்த புதிய பாலத்துக்குத் துருவேறா எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் தந்திருக்கிறார்கள். தெற்கே விரிவது மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள். பாலத்தில் பூசுவது எது என்பது அவற்றுக்கும் உரிய செய்தி.

கடலைக் கண்ணாடிக்குள் அடைக்கும் ஆசையும் நமக்குப் புதிதன்று. 1909லேயே சென்னைக் கடற்கரையில் மீன் காட்சியகம் திறந்தார்கள். இன்று வீட்டுக் கூடத்திலேயே உப்புநீர்த் தொட்டி வைக்கிறார்கள். கப்பலைச் சுற்றி ஒரு பெருங்கடல் இருந்தது. தொட்டியில் இருப்பதோ இருநூறு லிட்டர். கரைந்தது அங்கேயே தங்கும். இறாலுக்கும் நத்தைக்கும் குருதியில் உயிர்வளியைச் சுமப்பதே செம்புதான். ஆயினும் நீரில் செம்பு சற்றே மிகுந்தால் முதலில் மடிவன இவையே. மீனின் ஒட்டுண்ணிக்குத் தரும் செம்பு மருந்து, அதே தொட்டியிலுள்ள இறாலைக் கொல்லும். டேவியின் துத்தநாகமும் இங்கு உதவாது. தான் கரைந்தல்லவா அது பிறிதைக் காக்கிறது!

ஆகவே எஞ்சும் வழிகள் சிலவே. நீருக்குள் உலோகமே இல்லாதிருப்பது தலையாயது: நைலான் திருகு, பி.வி.சி. குழாய், அக்ரிலிக் தாங்கி. தவிர்க்க இயலாத இடத்தில் டைட்டானியம். சாதாரணத் துருவேறா எஃகு உப்புநீரில் புள்ளி புள்ளியாகக் குழிபடும்; பெயரை நம்பலாகாது. கண்ணாடி துடைக்கும் காந்தத்தின் பிளாஸ்டிக் உறை வெடித்தால் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். அதன் நிக்கல் பூச்சின் அடியில் பெரும்பாலும் ஒரு செப்புப் படலம் மறைந்திருக்கிறது. துருவின் மேலேயே வண்ணம் பூசுவது வீண். அடியில் அது வளர்ந்துகொண்டே இருக்கும். துருவை முற்றும் தேய்த்து நீக்கி, நன்னீரில் கழுவி உலர்த்தி, இரு கூறாக வரும் எபாக்ஸியைப் பூசி, அது முழுதும் இறுகிய பின்னரே நீரில் இறக்க வேண்டும். சிலிக்கோன் வாங்குவோர் குளியலறைக்கென விற்கும் பூசணத் தடுப்பு வகையை விலக்குக. பூசணத்தைக் கொல்லும் மருந்து அதில் கலந்திருக்கிறது.